சுவரைத் தாண்டும் கிரைண்டர் சத்தம்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் போனால் நடுவில் பாலவனத்தம் வரும். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. அந்தப் பக்கத்துக் காட்டில் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், வரப்பில் நடந்து போகிறவர் கிணற்றை எட்டிப் பார்க்கவே வேண்டாம். தண்ணீர் நிறைய இருந்தால் ஒரு சத்தம். அடிமட்டத்துக்கு இறங்கி, குழாய் காற்றை இழுக்க ஆரம்பித்தால் வேறு சத்தம். கிணற்றுக்காரர் தண்ணீரைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். மோட்டார் ஊருக்கே சொல்லிவிடும்.

இந்த வாரம் நாம் பார்க்கப் போவது இதே சங்கதிதான். கிணற்றுக்குப் பதிலாக உங்கள் ஏடிஎம் கார்டில் பளபளக்கும் சிப். தண்ணீருக்குப் பதிலாக அந்த சிப்புக்குள் இருக்கும் ரகசியச் சாவி.

பழைய கார்டுகளின் முதுகில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது ஞாபகம் இருக்கும். அதில் இருந்தது எழுதி வைத்த தகவல். எழுதியதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு நகல் எடுக்கவும் தெரியும். அதனால்தான் 2018 டிசம்பர் 31-க்குள் எல்லாவற்றையும் சிப் கார்டாக மாற்றச் சொல்லி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. சிப் வேறு ஜாதி. மெஷின் அதனிடம் ஒரு கணக்கைக் கொடுக்கும். சிப் தன் சாவியை வைத்து உள்ளேயே கணக்குப் போட்டு, விடையை மட்டும் வெளியே நீட்டும். சாவி ஒருநாளும் வெளியே வராது. அதன் மொத்தப் பெருமையும் அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

கார்டோடு போகவில்லை. நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் பென்ஷன் என்று வங்கிக்கு வரும் பணத்தை, ஊருக்கே கைக்கருவி கொண்டுவந்து ரேகை வாங்கித் தருகிறார் வங்கிப் பிரதிநிதி. ‘எல்1’ என்று சொல்லப்படும் புது வகை ரேகைக் கருவிகளில், ரேகையைப் பூட்டி முத்திரையிடும் வேலை கருவிக்குள்ளேயே ஒரு பாதுகாப்பான பகுதியில் நடக்கிறது. அங்கேயும் ஒரு சாவி; அங்கேயும் அது வெளியே வரக் கூடாது.

வெளியே வராமல் பார்த்துக்கொள்ள கணிதம் இருக்கிறது. 2001-ல் அமெரிக்க அரசின் தர நிறுவனம் ஏற்றுக்கொண்ட ‘ஏஇஎஸ்’ பூட்டு இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதன் 128 பிட் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், முயன்று பார்க்க வேண்டிய சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கம். எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. ஆனால், கணிதம் காகிதத்தில் இருக்கிறது. கணக்குப் போடுவது சிப். சிப்புக்கு மின்சாரம் வேண்டும். உள்ளே ஒரு 0, 1-ஆக மாறும்போது துளி மின்சாரம் இழுக்கும். ஒரே நேரத்தில் எட்டு மாறினால் கொஞ்சம் அதிகம் இழுக்கும், இரண்டு மாறினால் குறைவாக இழுக்கும். எது மாறுகிறது என்பதைத் தீர்மானிப்பதில் சாவிக்கும் பங்கு உண்டு. ஆக, மின்சாரக் கம்பியில் ஒரு காதை வைத்தால் சாவியின் சாயல் கேட்கும்.

இது புதுச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 1956-ல் சூயஸ் நெருக்கடி சமயத்தில், லண்டனில் இருந்த எகிப்துத் தூதரகத்தின் ரகசிய எழுத்து மெஷின் பக்கத்தில் பிரிட்டிஷ் உளவுத் துறை ஒரு மைக்கை ஒளித்து வைத்தது. காலையில் குமாஸ்தா சக்கரங்களைத் திருப்பி வைக்கும் ‘கிளிக்’ சத்தத்தை எண்ணியே அன்றைய சாவியில் ஒரு பகுதியைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் துறையில் இருந்த பீட்டர் ரைட் 1987-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதைப் போட்டு உடைத்தார்.

சிப்புகளுக்கு இந்தத் தலைவலியைக் கொண்டுவந்தவர் பால் கோச்சர் என்கிற அமெரிக்கர். கணக்குப் போட சிப் எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்தே சாவியைப் பிடிக்கலாம் என்று 1996-ல் காட்டினார். பிறகு ஜோஷுவா ஜாஃபி, பெஞ்சமின் ஜுன் இருவரோடும் சேர்ந்து, மின்சார ஏற்ற இறக்கத்தை வைத்தே பிடிக்கலாம் என்று 1999-ல் முழுக் கட்டுரையாக எழுதினார். அவர்கள் வழியில் சாவியை முழுசாக ஊகிக்க வேண்டியதில்லை. 16 துண்டாக வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் 256 ஊகம். மொத்தம் 4,096. முப்பத்தொன்பது இலக்கம் எங்கே, நாலாயிரம் எங்கே! ஸ்மார்ட் கார்டு கம்பெனிகள் கதிகலங்கியதில் ஆச்சரியமில்லை.

சரி, திருடனுக்கு வழி தெரிந்துவிட்டது. சிப் செய்கிறவர் என்ன செய்வார்? உள்ளே தடுப்புகள் வைப்பார். வைத்த தடுப்பு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் சொல்ல வந்த விஷயமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சோதனைக்கூடத்தின் பழைய முறை, திருடன் வேஷம் போட்டுப் பார்ப்பது. கெட்டிக்காரர் ஒருவரிடம் சிப்பைக் கொடுத்து, “முடிந்தால் சாவியை எடுத்துக் காட்டு” என்பது. அவர் ஒரு வழியை முயல்வார், பிறகு இன்னொரு வழி. எந்த நொடியில் கசிகிறது, எந்தத் துண்டு கசிகிறது என்று தேடித் தேடி வாரக்கணக்கில் போகும். கடைசியில் “எடுக்க முடியவில்லை” என்று அவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? சிப் பலமாக இருக்கிறதா, இவருக்குத் திறமை போதவில்லையா, புதன்கிழமையே கடையைச் சாத்திவிட்டாரா? சொல்ல முடியாது. இன்னொரு கூடத்தில் கொடுத்தால் வேறு பதில் வரும். நேரம், பணம், ஆள் மூன்றும் தின்கிற முறை. ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் கருவிக்கு இது கட்டுப்படியாகலாம். சின்னக் கம்பெனி செய்யும் மலிவுக் கருவிக்கு?

கோச்சரின் கம்பெனியிலிருந்தே இதற்கு மாற்று வந்தது. 2011-ல் பங்கஜ் ரோஹத்கி உள்ளிட்ட நால்வர் ஜப்பானின் நாரா நகரில் நடந்த பட்டறையில் அதை முன்வைத்தார்கள். அதன் யோசனையை ஒரு கிரைண்டரை வைத்துச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது. நடுவில் ஒரு சுவர். அந்த அம்மா என்ன அரைக்கிறார் என்பது இந்தப் பக்கம் தெரியக் கூடாது. சுவர் அதற்குத் தேறுமா என்று பார்க்க வேண்டும். பழைய முறை, சுவரில் காதை வைத்து “இது உளுந்தா, அரிசியா, கேழ்வரகா” என்று கண்டுபிடிக்க முயல்வது. புது முறையில் அதைக் கண்டுபிடிக்கவே வேண்டாம். அந்த அம்மாவிடம் சொல்லி, தினமும் காலையில் காசைச் சுண்டிப் போடச் சொல்லுங்கள். தலை விழுந்தால் குறிப்பிட்ட ஒரே அளவு உளுந்து. பூ விழுந்தால் அன்றைக்குக் கைக்கு வந்தது எதுவோ அது. இந்தப் பக்கம் சத்தத்தின் அளவை மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். இருநூறு நாள் கழித்து, உளுந்து நாட்களின் சராசரியையும் கலவை நாட்களின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், இதுவரைக்கும் சுவர் நல்ல சுவர். வித்தியாசம் இருந்தால் சுவர் கசிகிறது. என்ன அரைத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் சுவரைப் பற்றித் தெரிந்துவிட்டது.

காசு சுண்டுவது விளையாட்டுக்கு இல்லை. முதல் நூறு நாள் உளுந்து, அடுத்த நூறு நாள் கலவை என்று வைத்தால், முதல் பாதி சித்திரை வெயிலிலும் அடுத்த பாதி ஐப்பசி மழையிலும் விழும். மோட்டார் சூடு, கரண்ட் ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்ந்து பொய் வித்தியாசம் காட்டும். மாற்றி மாற்றிக் கலந்து செய்தால் வெயிலும் மழையும் இரண்டு பக்கமும் சமமாகப் பங்காகிவிடும். சோதனைக்கூடத்திலும் அப்படியே. ஒரே சாவியை வைத்துக்கொண்டு, ஒருபக்கம் மாறாத ஒரே தகவல், மறுபக்கம் குலுக்கல் தகவல் என்று கலந்து கலந்து சிப்புக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் சிப் இழுக்கும் மின்சாரத்தை ஆசிலோஸ்கோப் ஒரு கோடாக வரையும். இசிஜி பேப்பரில் வருமே, அந்த மாதிரிக் கோடு. ஆயிரக்கணக்கில் கோடுகள். கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு சராசரிகளையும் ஒப்பிட வேண்டியதுதான்.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் வித்தியாசம்? இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாகவா வரும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது ஒரு பீர் தொழிற்சாலை. டப்ளின் நகரத்து கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், கொஞ்சமே கொஞ்சம் மாதிரிகளை வைத்துக்கொண்டு பார்லியைப் பற்றி நம்பகமாக முடிவெடுக்க வழி தேடினார். 1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கணக்குதான் காலேஜில் புள்ளியியல் படித்தவர்கள் போட்டுப் பார்த்திருக்கும் ‘டி’ சோதனை. சராசரிகளின் வித்தியாசத்தை, அளவுகள் இயல்பாகவே எவ்வளவு ஆடுகின்றன என்பதால் வகுத்தால் ஒரு எண் வரும். சிப் சோதனையில் அந்த எண் 4.5-ஐத் தாண்டினால் கசிவு என்று வைத்திருக்கிறார்கள். கசிவே இல்லாத இடத்தில் தற்செயலாக அந்த எண் தாண்டுவதற்கு வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே.

லட்சத்தில் ஒன்று என்பது பெரிய பாதுகாப்பு மாதிரித் தெரியும். ஆனால் ஒரு கோட்டிலேயே லட்சம் புள்ளிகள் இருந்தால்? எங்கேயாவது ஒன்று சும்மாவே தாண்டிவிடலாம். அதற்காக, எல்லாவற்றையும் இரண்டு தடவை தனித்தனியாகச் செய்கிறார்கள். அதே புள்ளியில், அதே திசையில், இரண்டு தடவையும் தாண்டினால்தான் குற்றம் உறுதி. ஒரே இடத்தில் இரண்டு முறை தற்செயல் நடக்காது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் போலத்தான் அவர்களும் யோசித்திருக்கிறார்கள்.

இதன் அழகு எனக்கு எங்கே தெரிகிறது என்றால், கெட்டிக்காரத் திருடன் தேவையில்லை என்பதில். எந்த வழியில் திருடுவார்கள் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டாம். டிசைன் செய்கிறவர் சாயங்காலம் ஓட்டிவிட்டுப் போனால், காலையில் எந்த நொடியில் கசிகிறது என்று கோடு காட்டிக்கொடுக்கும். கோடுகளைச் சேர்த்து வைக்க இடம்கூட வேண்டாம்; ஒவ்வொன்றாக வர வர சராசரியைத் திருத்திக்கொண்டே போகலாம் என்று ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷ்னைடரும் மொராதியும் 2015-ல் விளக்கமாக எழுதினார்கள்.

அழகைச் சொன்ன வாயால் அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கசிகிறது என்று இந்தச் சோதனை சொன்னால், சாவியை எடுத்துவிட முடியும் என்று அர்த்தமில்லை. அது தனி வேலை. இது பரவாயில்லை, எச்சரிக்கை கூடுதலாக இருந்தால் நஷ்டமில்லை. ஆபத்து மறுபக்கம். “கசிவு தெரியவில்லை” என்று சொன்னால், இத்தனை முறை அளந்தும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். கசிவு பாதியாகக் குறைந்தால், அதைப் பிடிக்க நாலு மடங்கு கோடுகள் வேண்டும். பத்தில் ஒன்றாகக் குறைந்தால் 100 மடங்கு. பத்தாயிரம் கோட்டில் ‘பாஸ்’ வாங்கிய சிப், பத்து லட்சம் கோட்டில் ஃபெயில் ஆகலாம். சோதனைக்காரர் பொறுமையை விடத் திருடன் பொறுமை பெரிது என்றால் முடிந்தது கதை. இந்த வகைச் சோதனைக்கு 2016-ல் ஒரு சர்வதேசத் தரமே வந்தது, ஐஎஸ்ஓ 17825 என்று. கரோலின் விட்னால், எலிசபெத் ஆஸ்வால்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் அதை எடுத்து அலசி, அதன் புள்ளிவிவரக் கணக்கில் இருந்த ஓட்டைகளைச் சுட்டிக்காட்டினார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரண்டு வகுப்புகள், இரண்டிலும் சராசரி மார்க் 60. ஒன்றில் எல்லோரும் 60-ஐ ஒட்டியே வாங்கியிருக்கிறார்கள். மற்றதில் பாதிப் பேர் 90, பாதிப் பேர் 30. சராசரியை மட்டும் பார்க்கும் தலைமையாசிரியருக்கு இரண்டும் ஒன்றுதான். சாவியை ஒவ்வொரு முறையும் குலுக்கல் எண்களோடு கலந்து மறைக்கும் தடுப்பு இப்படித்தான் சராசரியைச் சமமாக்கிவிடும். பரவலில் மட்டும் தடயம் கிடக்கும். அதையும் ஒப்பிட்டால்தான் சோதனை முழுசு. அதற்கு இன்னும் நிறையக் கோடுகள் வேண்டும்.

நம் பக்கத்தில் இதெல்லாம் நடக்கிறதா? நடக்கிறது. சென்னை ஐஐடி-யில் ‘சக்தி’ என்ற பெயரில் நம்மவர்களே புராசஸர் வடிவமைத்து வருவதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அங்கே பேராசிரியர் செஸ்டர் ரெபெய்ரோவின் குழு, யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு புராசஸரை எடுத்து, அதன் எந்தெந்தப் பகுதி அதிகம் கசிகிறது என்று முதலில் அளந்தது. பிறகு, கசிகிற பகுதிக்கு ஏற்ற மருந்தாகப் போட்டது. சில இடங்களில் தவறு டிசைனில் இல்லை. எழுதியதை சர்க்யூட்டாக மாற்றும் மென்பொருள் மாற்றும் விதத்தில் இருந்தது. அங்கே எழுதுவதைக் கொஞ்சம் மாற்றினாலே போதுமாக இருந்தது. வேறு இடங்களில் உள்ளே ஓடும் தகவலையே உருமாற்றி ஓடவிட்டார்கள். ‘பரம்’ என்று பெயரிட்டு 2020-ல் வெளியிட்டபோது அவர்கள் சொன்ன வாசகத்தில் எண் இருந்தது: 10 லட்சம் மின்சாரக் கோடுகளை எடுத்த பிறகும் கோச்சர் வழித் தாக்குதலுக்கு அது தாக்குப்பிடித்தது. “பாதுகாப்பானது” என்று மொட்டையாகச் சொல்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

ஐஐடி தவிர, சென்னை தரமணியில் ‘செட்ஸ்’ என்ற அரசு சார்ந்த ஆராய்ச்சி அமைப்பு 2002-லிருந்து இருக்கிறது. பிரதமரின் அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் முயற்சி. விதை போட்டவர் பக்கத்து மாவட்டத்து அப்துல் கலாம். கருவிகளின் கசிவை ஆராய்வது அங்கே நடக்கும் வேலைகளில் ஒன்று. கரக்பூர் ஐஐடி-யில் இந்தத் துறையிலேயே ஊறிய தேப்தீப் முகோபாத்யாய்க்கு 2021-ல் பட்நாகர் விருது கிடைத்தது. ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

இத்தனை சோதனை இருந்தும் தப்புவது தப்பத்தான் செய்கிறது. 2024 செப்டம்பரில் பிரான்ஸின் ‘நின்ஜாலேப்’ கம்பெனியைச் சேர்ந்த தாமஸ் ரோஷ் ஒரு குண்டைப் போட்டார். இன்ஃபினியான் நிறுவனத்தின் பாதுகாப்பு சிப்புகளில் ஓடும் மென்பொருளில் ஒரு கசிவு. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் ‘யூபிகீ 5’ பாதுகாப்புக் கருவியைத் திறந்து, சிப்புக்கு மேலே மின்காந்த அலையை அளந்து சாவியை எடுத்துக் காட்டினார். கசிந்த கணக்கு என்ன தெரியுமா? பத்தாம் வகுப்பில் நம் பிள்ளைகள் படிக்கும் யூக்ளிடின் வகுத்தல் முறையிலிருந்து கிளைத்த ஒன்று. எண்ணுக்கு எண் அதற்கு ஆகும் நேரம் மாறும். அந்த நேரத்தை மறைக்க யாரும் நினைக்கவில்லை. மறைக்காமல் எவ்வளவு காலம் இருந்தது என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. 14 வருஷம். நடுவில் சுமார் 80 உயர்மட்டச் சான்றிதழ் சோதனைகள் அதைத் தாண்டிப் போயிருந்தன. எண்பது தடவை சுவரைத் தட்டிப் பார்த்தவர்கள், கொல்லைப்புறக் கதவைத் திறந்தே விட்டிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் ஊர்ப் பாட்டி கார்டைத் தூக்கிப் போட வேண்டுமா என்றால், வேண்டாம். இந்த வகைத் திருட்டுக்குப் பெரும்பாலும் கருவி கையில் வேண்டும், ஆய்வுக்கூடச் சாமான்கள் வேண்டும். (எப்போதும் அப்படியில்லை. இஸ்ரேலைச் சேர்ந்த பென் நாசி குழு 2023-ல், கார்டு ரீடரின் சின்ன விளக்கு மினுங்குவதை 16 மீட்டர் தள்ளியிருந்த கண்காணிப்பு கேமராவில் பிடித்தே ஒரு ஸ்மார்ட் கார்டின் சாவியை எடுத்துக் காட்டியது.) பாட்டியிடம் பணம் பறிக்கிறவன் இவ்வளவு சிரமப்படுவதில்லை. ஓடிபி கேட்கிறான், அல்லது பத்திரத்தில் இருக்கும் ரேகையைப் பார்த்து சிலிக்கானில் விரல் செய்கிறான். அதற்கு ஆதார் இணையதளத்திலோ எம்ஆதார் ஆப்பிலோ ரேகையைப் பூட்டி வைத்து, பணம் எடுக்கும்போது மட்டும் திறக்கலாம். வீட்டில் போன் வைத்திருக்கும் பேரப் பிள்ளைக்கு ஐந்து நிமிஷ வேலை.

கசிவு பாட்டியின் கையில் இல்லை. வாங்கிக் கொடுக்கிறவர்கள் கையில் இருக்கிறது. ஒரு சாவி போனால் ஒரு கார்டோடு போகும். ஆனால், ஒரே டிசைனில் செய்த கருவிகள் ஊர் ஊராகப் போகும்போது, டிசைனில் இருக்கும் கசிவும் ஊர் ஊராகப் போகிறது. யூபிகீயில் பாதிக்கப்பட்ட பழைய கருவிகளுக்கு உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றவே வழியில்லை. புதிதாக வாங்குவது ஒன்றுதான் வழி. லட்சக்கணக்கில் ரேகைக் கருவியும் கார்டும் வாங்கும் வங்கியோ அரசுத் துறையோ, டெண்டரில் ‘சான்றிதழ் உண்டா’ என்று ஒரு கட்டம் போட்டு டிக் அடிப்பதோடு நிற்கிறது என்றால் அது போதாது. எத்தனை கோடு எடுத்து அளந்தீர்கள், சராசரியை மட்டும் பார்த்தீர்களா பரவலையும் பார்த்தீர்களா, சிப் போடும் எந்தெந்தக் கணக்கை அளந்தீர்கள், எதை அளக்காமல் விட்டீர்கள் என்று கேட்டு வாங்கலாம். கிரைண்டர் சோதனை மலிவாகிவிட்ட பிறகு, பதில் சொல்ல முடியாது, செலவாகும் என்று எந்தக் கம்பெனியும் சாக்குச் சொல்ல முடியாது.